சிகாகோவின் தெற்கே வீடு: டூபேஜா, வில் கவுண்டியா, இந்தியானாவா?

சிகாகோ பக்கம் வேலைக்கு வரும் தமிழ்க் குடும்பங்களில் பல, வாடகை வீட்டிலிருந்து சொந்த வீட்டுக்கு மாற நினைக்கும்போது முதலில் பார்ப்பது டூபேஜ் கவுண்டியின் நேப்பர்வில்லைத்தான். அங்கே விலையைப் பார்த்ததும் தேடல் மெதுவாகத் தெற்கே நகரும். அப்போது இரண்டு இடங்கள் கண்ணில் படும். ஒன்று, நேப்பர்வில்லின் தென்பகுதியிலேயே தொடங்கிவிடும் வில் கவுண்டி. இன்னொன்று, மாநில எல்லையைத் தாண்டி இந்தியானாவில் இருக்கும் லேக் கவுண்டி. இல்லினாயிலும் சிகாகோவுக்கு வடக்கே ஒரு லேக் கவுண்டி இருக்கிறது. வரி விவரம் தேடும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், வாரத்தில் இரண்டு மூன்று நாள் டவுன்டவுன் அலுவலகம் என்று இருக்கும் குடும்பத்துக்கு வில் கவுண்டியின் வடமேற்கு மூலைதான் (பிளெயின்ஃபீல்ட், போலிங்புரூக் பக்கம்) பொருத்தம். தினமும் ரயிலேற வேண்டியவர்கள் சின்ன வீடானாலும் டூபேஜிலேயே இருப்பது நல்லது. முழுக்க வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள் இந்தியானாவைத் தாராளமாக யோசிக்கலாம். வீட்டு விலையை மட்டும் வைத்து இந்த மூன்றையும் ஒப்பிட்டால் தவறான இடத்தில் போய் நிற்போம். சம்பளம் எந்த மாநிலத்தில் உழைத்துச் சம்பாதிக்கப்படுகிறது, வீடு எந்தப் பள்ளி மாவட்டத்துக்குள் வருகிறது என்ற இரண்டும் சேர்ந்துதான் மாதச் செலவையும் வாழ்க்கையையும் தீர்மானிக்கின்றன.

வில் கவுண்டியில் 1990ல் இருந்தவர்கள் 3,57,313 பேர். 2010ல் அது 6,77,560. இருபது வருடத்தில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 2008 வீட்டுச் சந்தைச் சரிவு அந்த வேகத்தை நிறுத்தியது; 2020 கணக்கெடுப்பில் 6,96,355தான். இந்த ஏற்ற இறக்கம் இன்றைக்கும் வீடு வாங்குபவரைத் தொடுகிறது. பிளெயின்ஃபீல்ட், போலிங்புரூக், ரோமியோவில் பக்கம் விற்பனைக்கு வரும் வீடுகளில் பெரும்பங்கு 1990களின் நடுவிலிருந்து 2008 வரை சோள வயல்களின் மேல் வரிசையாகக் கட்டப்பட்டவை. கூரை, ஃபர்னஸ், ஏசி, ஜன்னல் எல்லாம் ஒரே சமயத்தில் வயதாகி நிற்கும் வீடுகள் அவை. அதைக் கணக்கில் எடுக்காமல் விலை குறைவு என்று சொல்வதில் அர்த்தமில்லை.

வரி: இங்கேதான் அதிகம் யோசிக்க வேண்டும்

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிளெயின்ஃபீல்டில் 4 லட்சம் டாலருக்கு ஒரு தனி வீடு. அந்தப் பக்கம் சொத்து வரி சந்தை மதிப்பில் இரண்டரை சதவீதத்தை ஒட்டி வரும். வருடம் 10,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். கட்டிய சொத்து வரியில் 5 சதவீதத்தை இல்லினாய் வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்பதால் 500 டாலர் திரும்பும். ஆக 9,500.

அதே விலைக்கு இந்தியானாவின் கிரவுன் பாயின்ட்டில் ஒரு வீடு. உரிமையாளரே குடியிருக்கும் வீட்டின் சொத்து வரி, மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அங்கே சட்டம். 2010ல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி அதை மாநில அரசியலமைப்பிலேயே சேர்த்துவிட்டார்கள். பள்ளிக்காக மக்களே ஓட்டுப் போட்டு ஏற்றுக்கொண்ட கூடுதல் வரி மட்டும் இந்த உச்சவரம்புக்கு வெளியே. அதை விட்டுப் பார்த்தால் 4,000 டாலர். வருடத்துக்கு 5,500 டாலர் மிச்சம்.

பலர் கணக்கை இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். மிச்சிகன், ஒஹாயோ, விஸ்கான்சின், கென்டக்கி, பென்சில்வேனியா ஆகிய மாநிலங்களோடு இந்தியானாவுக்கு, குடியிருக்கும் மாநிலத்துக்கு மட்டும் சம்பள வரி கட்டினால் போதும் என்ற ஒப்பந்தம் இருக்கிறது. சிகாகோ இருக்கும் இல்லினாயோடு இல்லை. அதனால் இந்தியானாவில் குடியிருந்து சிகாகோவில் வேலை பார்த்தால் இல்லினாய்க்கு 4.95 சதவீதம் கட்ட வேண்டும். இந்தியானா மாநில வரி அதைவிடக் குறைவு, 2026ல் 2.95 சதவீதம். இல்லினாயில் கட்டியதைக் காட்டி அந்தச் சம்பளத்துக்கான மாநில வரியைக் கழித்துவிடலாம். ஆனால் லேக் கவுண்டி தனியாக 1.5 சதவீத வருமான வரி வாங்குகிறது. அதற்கு இந்தக் கழிவு பொருந்தாது. ஆக மொத்தம் 6.45 சதவீதம்.

கணவன் மனைவி இருவரும் சேர்ந்து இரண்டரை லட்சம் டாலர் சம்பாதித்து, இருவருமே சிகாகோ அலுவலகத்துக்குப் போனால் கவுண்டி வரி மட்டும் 3,750 டாலர் பக்கம் வரும். சொத்து வரியில் மிச்சம் பிடித்த 5,500ல் இது போக 1,750தான் நிற்கும். மாதத்துக்கு 150 டாலர்கூடத் தேறாது. அதற்காக மாநிலம் மாறி, இரண்டு மாநிலத்திலும் வரிப் படிவம் தாக்கல் செய்து, தினமும் எல்லை தாண்டிப் போய்வருவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

வீட்டிலிருந்தே வேலை என்றால் கதை வேறு. இந்தியானா வீட்டில் உட்கார்ந்து பார்த்த நாட்களின் சம்பளத்துக்கு இல்லினாய் வரி கிடையாது. வெளி மாநிலத்தவர் வருடத்தில் 30 வேலை நாட்களுக்கு மேல் இல்லினாயில் உழைத்தால்தான் அந்த நாட்களின் பங்குக்கு அங்கே வரி. முழுக்க வீட்டிலிருந்தே வேலை பார்த்தால் இந்தியானாவும் லேக் கவுண்டியும் சேர்ந்து 4.45 சதவீதம்தான், இல்லினாயைவிட அரை சதவீதம் குறைவு. அதே குடும்பத்துக்கு அப்போது சொத்து வரியும் வருமான வரியுமாகச் சேர்த்து வருடம் 6,700 டாலர் பக்கம் மிஞ்சும். ஒரே நிபந்தனை: உங்கள் கம்பெனியின் சம்பளப் பிரிவு இந்தியானாவுக்குப் பிடித்தம் செய்ய ஒத்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு ஆஃபர் போடுவதற்கு முன்பே இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். திரும்பவும் அலுவலகத்துக்கு வரச் சொன்னால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். வீட்டுக் கடன் முப்பது வருடத்துக்கு.

டூபேஜில் வரி விகிதம் வில்லைவிடக் குறைவு, பல ஊர்களில் இரண்டு சதவீதத்தை ஒட்டி இருக்கும். ஆனால் பிளெயின்ஃபீல்டில் 4 லட்சத்துக்குக் கிடைக்கும் அளவு வீட்டுக்கு நேப்பர்வில்லின் நல்ல பகுதியில் 6 லட்சமோ அதற்கு மேலோ கேட்பார்கள். இரண்டு சதவீதம் என்றாலும் பில் 12,000 டாலர். டூபேஜின் விகிதம் குறையக் காரணம், ஓக் புரூக் மால், ஐ-88 நெடுஞ்சாலையோர அலுவலகக் கட்டடங்கள் போன்றவை வரியில் பெரும்பங்கைச் சுமப்பது. வில்லின் புறநகர்களில் வீடுகளும் குழந்தைகளும் அதிகம், அலுவலகக் கட்டடங்கள் குறைவு. பள்ளிச் செலவு நேராக வீடுகளின் தலையில் விழுகிறது. வரி பில்லைப் பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் பள்ளி மாவட்டங்களுக்குத்தான் போகும்.

வில் கவுண்டியில் வீடு வாங்குபவர்களைத் திடுக்கிட வைக்கும் இரண்டு விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். முதலாவது, இல்லினாயில் சொத்து வரி ஒரு வருடம் பின்தங்கி வரும். இந்த வருடம் கட்டுவது போன வருடத்து வரி. புது வீடு வாங்கினால் முதல் பில் வெறும் மனைக்கு மட்டும் வரலாம். வங்கி அதை வைத்து, வரிக்காக மாதா மாதம் பிடித்து வைக்கும் எஸ்க்ரோ தொகையைக் குறைவாகப் போட்டிருக்கும். அடுத்த பில் முழு வீட்டுக்கும் வரும்போது மாதத் தவணை பல நூறு டாலர் எகிறும். பழைய பற்றாக்குறையையும் அதோடு சேர்த்துக் கேட்பார்கள். இரண்டாவது, சில புதுக் குடியிருப்புகளில் சாலை, சாக்கடை போட வாங்கிய கடனுக்காக ‘ஸ்பெஷல் சர்வீஸ் ஏரியா’ என்ற தனி வரி வரும். எஸ்எஸ்ஏ என்று சுருக்கமாக எழுதியிருப்பார்கள். இது வழக்கமான சொத்து வரிக்கு மேல், வீட்டு உரிமையாளர் சங்கத்துக்கான மாதப் பணத்துக்கும் மேல். ஒரே தெருவின் ஒரு பக்கத்து வீடுகளுக்கு இருக்கும், எதிர்ப்பக்கத்துக்கு இருக்காது. எத்தனை வருடம் பாக்கி என்று கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

பள்ளி: கவுண்டிக் கோடு வேறு, மாவட்டக் கோடு வேறு

நம்மவர்கள் டூபேஜுக்குக் கூடுதல் விலை கொடுக்க முதல் காரணம் பள்ளி. ஆனால் இங்கே பள்ளி மாவட்டங்கள் கவுண்டி எல்லையைப் பார்த்து வரையப்பட்டவை அல்ல. எல்லோரும் தேடும் 204ஆம் எண் இந்தியன் பிரெய்ரி மாவட்டம் நேப்பர்வில், ஆரோராவோடு நிற்பதில்லை. போலிங்புரூக், பிளெயின்ஃபீல்டின் சில பகுதிகளையும் தொடுகிறது. அதன் நியூகுவா வேலி உயர்நிலைப் பள்ளியே வில் கவுண்டிக்குள்தான் இருக்கிறது. ஆக, நேப்பர்வில்லில் பெரிய தொகை கொடுத்துப் போய்ச் சேரும் பள்ளி மாவட்டத்துக்கே, முகவரியில் பிளெயின்ஃபீல்ட் என்றிருக்கும் வீட்டிலிருந்தும் போக முடியும். அந்த வீடுகளுக்கு விலை கொஞ்சம் ஏறித்தான் இருக்கும், ஆனாலும் கோட்டுக்கு வடக்கே இருப்பதைவிடக் குறைவு. எனக்குத் தெரிந்து இந்த வட்டாரத்தில் காசுக்கு ஏற்ற வீடு என்றால் இவைதான்.

பிளெயின்ஃபீல்டின் பெரும்பகுதி 202ஆம் எண் மாவட்டத்தில் வருகிறது. நான்கு உயர்நிலைப் பள்ளிகள் கொண்ட பெரிய மாவட்டம். மதிப்பெண் பட்டியல்களில் 204க்குக் கீழே வந்தாலும், நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு வேண்டிய, கல்லூரித் தரத்து ஏபி வகுப்புகள் அங்கேயும் உண்டு. பட்டியலில் சில இடம் மேலே ஏறுவதற்காக 2 லட்சம் டாலர் கூடுதல் கடன் வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்தப் பணம் கல்லூரிக்கு உதவும்.

பள்ளிக் கோடு நகரவும் கூடும். வில் கவுண்டியின் கிழக்குப் பகுதியில், ஃபிராங்க்ஃபர்ட்டில் இருந்த லிங்கன்-வே நார்த் உயர்நிலைப் பள்ளியைப் பண நெருக்கடி காரணமாக 2016ல் மூடினார்கள். அந்தப் பள்ளியை நம்பி வீடு வாங்கியவர்களின் பிள்ளைகள் வேறு பள்ளிக்கு மாற வேண்டியதாயிற்று. வீட்டைப் பார்க்கும்போது பள்ளி மாவட்டத்தின் நிதி நிலையையும் மாணவர் எண்ணிக்கை ஏறுகிறதா இறங்குகிறதா என்பதையும் பாருங்கள்.

கல்லூரி என்று வரும்போது இந்தியானாவுக்கு ஒரு பலமான வாதம் இருக்கிறது. பர்டியூ பல்கலைக்கழகம் மாநிலத்தவருக்கான அடிப்படைக் கட்டணத்தை 2013 முதல் ஏற்றவே இல்லை. வருடம் 10,000 டாலருக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சேரும்போது இருக்கும் கட்டணம் நான்கு வருடத்துக்கு மாறாது என்று சட்டம் இருந்தாலும், பொறியியலுக்கும் கணினி அறிவியலுக்கும் அடிப்படைக்கு மேல் கணிசமாக வாங்குகிறார்கள். இரண்டு பிள்ளைகள், இருவரும் பொறியியல் பக்கம் சாய்கிறார்கள் என்றால் வித்தியாசம் பெரிது. ஆனால் பன்னிரண்டாம் வகுப்பில் மாநிலம் மாறினால் பலன் கிடைக்காது. படிப்பதற்காகவே குடிபெயரவில்லை என்று காட்டும் அளவுக்கு முன்னதாகவே அங்கே குடியிருக்க வேண்டும்.

ரயிலும் சாலையும்

இந்த ஒன்றில் டூபேஜ் தெளிவாக முன்னால் நிற்கிறது. ஆரோராவிலிருந்து ரூட் 59, நேப்பர்வில், லைல், டவுனர்ஸ் குரோவ் வழியாக சிகாகோ யூனியன் ஸ்டேஷன் போகும் மெட்ரா புறநகர் ரயிலின் பிஎன்எஸ்எஃப் தடத்தில் எக்ஸ்பிரஸ் ரயில் பிடித்தால் நேப்பர்வில்லிலிருந்து சுமார் முக்கால் மணி நேரம். நாள் முழுக்க ரயில் உண்டு, வார இறுதியிலும் உண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து அழைத்தால் நடுப்பகலில் கிளம்பி வந்துவிடலாம். இந்த வசதியை விலையில் கணக்கிட முடியாது. ஆனால் அது இல்லாத இடத்தில் இருந்தால் ஒவ்வொரு வாரமும் உறைக்கும்.

பிளெயின்ஃபீல்டிலும் போலிங்புரூக்கிலும் மெட்ரா நிலையமே இல்லை. ரோமியோவில்லில் 2018ல் ஒரு நிலையம் திறந்தார்கள். ஆனால் அது வரும் ஹெரிடேஜ் காரிடார் தடம் சரக்கு ரயில் நிறுவனத்தின் பாதையில் ஓடுவதால் வார நாட்களில் காலையில் உள்ளே, மாலையில் வெளியே என்று விரல்விட்டு எண்ணக்கூடிய வண்டிகள்தான். ஜோலியட், நியூ லெனாக்ஸ், மொகீனா பக்கம் ராக் ஐலண்ட் தடம் நன்றாக ஓடுகிறது. ஜோலியட்டிலிருந்து ஒன்றேகால் மணி நேரமாவது ஆகும். அதிகம் பேர் கவனிக்காத ஒன்று பேஸ் நிறுவனத்தின் எக்ஸ்பிரஸ் பஸ். பிளெயின்ஃபீல்டிலும் போலிங்புரூக்கிலும் காரை நிறுத்திவிட்டு ஏறலாம். ஐ-55ல் நெரிசல் வந்தால் சாலையோரத் தடத்தில் போக அதற்கு அனுமதி இருக்கிறது. வாரம் இரண்டு நாள் அலுவலகம் போகிறவருக்கு அதுவே போதும். இல்லையென்றால் ரூட் 59 நிலையம் வரை காரில் போய் ரயில் பிடிப்பதுதான் பெரும்பாலோர் செய்வது.

இந்தியானா பக்கம் ஹாமண்ட், ஈஸ்ட் சிகாகோ வழியாக சவுத் ஷோர் மின்சார ரயில் சிகாகோவின் மில்லினியம் ஸ்டேஷனுக்குப் போகிறது. மன்ஸ்டர்-டையர் எல்லை வரை 8 மைல் புதுக் கிளைப்பாதையும் போட்டிருக்கிறார்கள். மன்ஸ்டர் வீடுகளுக்கு அது பெரிய வரவு. இந்தியானாவின் பெரும்பகுதி கிழக்கு நேரத்தில் ஓடினாலும் லேக் கவுண்டி சிகாகோ நேரத்திலேயே இருக்கிறது, அந்தக் குழப்பம் இல்லை. கிரவுன் பாயின்ட், செயின்ட் ஜான் பக்கம் போய்விட்டால் ரயில் தூரம், கார்தான்.

சரக்கு லாரிகளைப் பற்றிச் சொல்லாமல் வில் கவுண்டியைப் பற்றிப் பேச முடியாது. ஜோலியட்டுக்குத் தெற்கே, எல்வுட்டில், பழைய ராணுவ வெடிமருந்துத் தொழிற்சாலை நிலத்தின் ஒரு பகுதியில் 2002 முதல் பிரம்மாண்டமான ரயில்-லாரி சரக்கு முனையம் இயங்குகிறது. அதைச் சுற்றிக் கிடங்குகள் முளைத்தன. ஐ-80 நாள் முழுக்க லாரிகளால் நிறைந்திருக்கும். அதே ராணுவ நிலத்தின் இன்னொரு பகுதியை மிடேவின் தேசியப் புல்வெளியாக்கி, 2015ல் காட்டெருமைகளைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். பிள்ளைகளோடு போய்ப் பார்க்க வேண்டிய இடம். ஆனால் ஐ-80ஐ ஒட்டி வீடு வாங்குவதாக இருந்தால், வேலை நாள் காலையில் அந்தச் சாலையில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

தண்ணீர்

ஜோலியட்டில் வீடு மலிவு. மலிவுக்குள் இன்னொரு செலவு காத்திருக்கிறது. அந்த ஊர் பல்லாண்டுகளாக ஆழத்து மணற்பாறை நீரையே நம்பி இருந்தது. உறிஞ்சுவது ஊறுவதைவிட மிக அதிகமானதால், 2030 வாக்கில் அந்த நிலத்தடி நீர் தேவைக்குப் போதாது என்று ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள். ஜோலியட்டும் ரோமியோவில், ஷோர்வுட் உள்ளிட்ட பக்கத்து ஊர்களும் சேர்ந்து ஓர் ஆணையம் அமைத்து, சிகாகோவிலிருந்து மிச்சிகன் ஏரி நீரைக் குழாயில் கொண்டுவரும் வேலையைச் செய்துவருகின்றன. நல்ல திட்டம், தேவையான திட்டம். அதற்கான பணம் தண்ணீர் பில்லில்தான் ஏறும். நேப்பர்வில், போலிங்புரூக், பிளெயின்ஃபீல்டுக்கு ஏற்கெனவே ஏரி நீர்தான். நீங்கள் பார்க்கும் வீட்டுக்கு எந்த நீர் என்று கேளுங்கள். கிணற்று நீர் என்றால் நீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் கருவியின் செலவையும் சேருங்கள்.

கெண்டல் கவுண்டியின் ஆஸ்வீகோ பற்றியும் பலர் கேட்கிறார்கள். புது வீடு நிறைய, விலையும் பரவாயில்லை. ஆனால் மெட்ரா அங்கே போகவில்லை. பிளெயின்ஃபீல்டைவிட இன்னும் தள்ளி. வில் கவுண்டியில் எதுவும் அமையாவிட்டால் பார்க்கலாம்.

கோயில், மளிகை, தமிழ் வகுப்பு என்று பார்த்தால் வில்லின் வடமேற்கு மூலை டூபேஜுக்குக் குறைந்ததல்ல. ஆரோரா பாலாஜி கோயில், லெமான்ட் கோயில் இரண்டும் அரை மணி நேரத் தூரத்துக்குள் வரும். ரூட் 59ஐ ஒட்டிய இந்தியக் கடைகள் அதைவிடப் பக்கம். இந்தியானாவில் மெரில்வில்லில் ஒரு கோயிலும் சிறிய இந்தியச் சமூகமும் உண்டு. ஆனால் ஊரிலிருந்து வந்து தங்கும் அம்மா அப்பாவுக்குப் பேச்சுத்துணை வேண்டும் என்றால் வில்லும் டூபேஜும்தான். பகலெல்லாம் தனியாக உட்காரும் பெரியவர்களின் தனிமையை நாம் வீடு தேடும்போது ஏனோ கணக்கில் சேர்ப்பதில்லை. பூங்காவில் நடக்கப் போனால் தமிழில் நலம் விசாரிக்க நாலு பேர் இருப்பது அவர்களுக்குப் பெரிய பலம்.

வில் என்று முடிவு செய்தவர்கள் வீட்டைத் தேடும் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் பள்ளி மாவட்ட வரைபடத்தை எடுத்துக்கொண்டு, 204 வேண்டுமா, 202 போதுமா என்று வீட்டில் பேசி முடியுங்கள். பிடித்த வீட்டின் கடைசி இரண்டு வருட வரி பில்லை ரியல்டரிடம் கேட்டு வாங்கி, எஸ்எஸ்ஏ வரி இருக்கிறதா என்று பாருங்கள். விற்பவர் மூத்த குடிமகனாக இருந்தால் அவருக்கான சலுகை கழிந்த தொகை பில்லில் இருக்கும். உங்களுக்கு அது கூடும். வீட்டைச் சோதிப்பவரிடம் பேஸ்மென்ட்டில் ரேடான் என்ற கதிரியக்க வாயுவின் அளவை எடுக்கச் சொல்லுங்கள். இந்த மண்ணில் அது அதிகம், குறைக்கும் குழாய் அமைப்பை விற்பவரையே போட்டுத் தரச் சொல்லிப் பேரம் பேசலாம். பேஸ்மென்ட் தண்ணீரை வெளியேற்றும் ஸம்ப் பம்புக்கு பேட்டரி துணை இருக்கிறதா என்று பாருங்கள். கோடைப் புயலில் மின்சாரம் போகும் நேரத்தில்தான் பேஸ்மென்ட்டில் தண்ணீர் ஏறும். குடியேறிய பிறகு, சொந்தக் குடியிருப்புக்கான வரிச் சலுகைக்கு வீட்டு மதிப்பைக் கணக்கிடும் டவுன்ஷிப் அசஸர் அலுவலகத்தில் மறக்காமல் விண்ணப்பியுங்கள். அது தானாக உங்கள் பெயருக்கு மாறிவிடும் என்று நம்பி உட்கார வேண்டாம்.